முதலில் தையல், அப்புறம் அல்வா

மும்பையை ஒட்டிய தாணேயில் வீட்டோடு தையல் மெஷின் போட்டிருப்பவர்களுக்கு, கணபதியைக் கரைத்த மறுநாளே நவராத்திரி வேலை ஆரம்பித்துவிடும். கர்பா ஆட எல்லோருக்கும் சனியா சோளி வேண்டும். ஒரு பாவாடைக்கு எட்டு மீட்டர், பத்து மீட்டர் என்று சுற்றளவு இழுக்கும். சிவப்பு, பச்சை, ராணி கலர், அதற்கு மேல் கண்ணாடி, அதற்கும் மேல் ஜரிகைப் பட்டி. இந்த ஆர்டர்களுக்கு நடுவில்தான் எதிர்வீட்டு மாவுஷியிடமிருந்து (மராத்தியில் மாவுஷி என்றால் சித்தி) ஒரு பொட்டலம் வரும். பிரித்தால் உள்ளே முழுக்க வெள்ளை. ஜாக்கெட்டுக்குக் கேம்ப்ரிக், மகனுக்கும் பேரனுக்கும் குர்தா தைக்கக் காட்டன், மேஜைவிரிப்புக்குப் பாப்ளின்.

மாவுஷி யூதர். கொங்கண் கரையில் பல நூற்றாண்டுகளாக வாழும் பெனே இஸ்ரேல் சமூகம். அலிபாக் பக்கம் நவ்காவ் கரையில் கப்பல் உடைந்து ஏழு ஆணும் ஏழு பெண்ணும் பிழைத்துக் கரையேறினார்கள், நாங்கள் அவர்கள் வழி வந்தவர்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. கிராமங்களில் செக்காட்டி எண்ணெய் எடுத்துப் பிழைத்தார்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் ஊரார் வைத்த பெயர் சனிவார் தேலி, சனிக்கிழமை வாணியர். வீட்டுப் பேச்சு மராத்தி. 1948-க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இங்கே மிஞ்சியிருக்கும் சில ஆயிரம் பேரில் கணிசமானவர்கள் மும்பையிலும் எங்கள் தாணேயிலும் இருக்கிறார்கள். டெம்பி நாக்கா பக்கம் 1879-இல் கட்டிய அவர்களுடைய தொழுகைக்கூடம், ஷார் ஹஷாமாயிம், இன்றும் நடக்கிறது. அதே டெம்பி நாக்காதான் எங்கள் ஊரின் பெரிய நவராத்திரி தேவி உட்காரும் இடமும்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, அங்கிருந்து தாணேக்கு நகர்ந்த குடும்பம். எனக்கும் மாவுஷிக்கும் பொதுவான மொழி மராத்தி, பொதுவான பலவீனம் கோதுமைப்பால் அல்வா. அல்வாவுக்கு அப்புறம் வருகிறேன், முதலில் துணி.

வெள்ளைத் துணி தைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. முந்தின நாள் வரை சிவப்புச் சோளி ஓடிய மெஷினில் அப்படியே வெள்ளையை வைத்தால் போச்சு. பாபின் கேஸைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பஞ்சு அடைந்திருக்கும். துணியைத் தள்ளும் பல்லுக்கு இடையிலும் அதே கதை. பிரஷ்ஷால் தட்டி எடுத்து, எண்ணெய் கசிகிறதா என்று பழந்துணியில் நாலு வரி ஓட்டிப் பார்த்து, ஊசியைப் புதிதாக மாற்றிவிட்டுத்தான் மாவுஷியின் துணியைத் தொடுவேன். அதுவும் காலையில், சமையலறைப் பக்கம் போவதற்கு முன்னால். மஞ்சள் பட்ட விரல் வெள்ளைக் கேம்ப்ரிக்கில் பட்டால் சோப்புக்கும் அசையாது. துணியை ஒருநாள் ஊறப்போட்டுச் சுருங்கவிட்டு, இஸ்திரி போட்டுத்தான் மாவுஷி தருவார். அந்த ஒழுங்கு மற்ற வாடிக்கையாளர்களிடம் கிடையாது.

இவ்வளவு வெள்ளையும் யோம் கிப்பூருக்கு. யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா வந்து பத்தாம் நாள், பாவமன்னிப்பு நாள். சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூட இல்லாத உபவாசம், தோல் செருப்புக் கிடையாது, உடுப்பு வெள்ளை. ஐரோப்பிய யூதர்கள் அன்றைக்கு கிட்டல் என்று ஒரு வெள்ளை அங்கி போடுவார்கள். இறந்தவருக்குப் போர்த்தும் உடையின் அதே வெட்டு, அதே மாதிரி பாக்கெட்டே இருக்காது. மாவுஷி வீட்டில் அப்படி அங்கி இல்லை, சாதாரணக் குர்தாதான், பாக்கெட்டும் உண்டு. பெண்கள் வெள்ளைச் சேலை. முதல் தடவை அந்த ஜாக்கெட்டுத் துணியைப் பார்த்ததும் என் அம்மா முகம் மாறியது. கட்டுக்கழுத்தி வெள்ளை உடுத்துவதா? ஆனால் அன்றைக்குப் புதிதாய்க் கல்யாணமான மருமகளும் வெள்ளையில்தான் வருவாள். அம்மாவும் வருஷங்கள் போகப்போகப் பழகிவிட்டார்.

மாவுஷியின் தேதி கறார். தீபாவளிக்கு முதல்நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக்கூடத் தையல்கடை வாசலில் நிற்கிற நம்மூர் வழக்கம் அவரிடம் செல்லாது. “பாளா, சூரியன் சாய்ந்தால் ஒரு பட்டன்கூட வைக்க முடியாது” என்பார். அவர்களுக்கு நாள் பிறப்பதே சூரியன் சாய்ந்ததும்தான். பட்டனை விடுங்கள், தொங்குகிற நூலைக்கூட அறுக்க மாட்டார்.

ஏன் என்று கேட்டபோது அவர் மகன் உட்கார்ந்து விளக்கினார். மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில், சனிக்கிழமை ஓய்வுநாளில் செய்யக்கூடாத வேலைகள் என்று 39 வகை எண்ணி வைத்திருக்கிறார்கள். விதைப்பது, உழுவது, அறுப்பது என்று தொடங்கி, அரைப்பது, சலிப்பது, பிசைவது, சுடுவது வரை முதல் 11. ஒரு ரொட்டி தட்டுக்கு வர வேண்டிய வழி முழுக்க அதில் இருக்கிறது. அடுத்த 13 துணிக்கு. ஆட்டு மயிரைக் கத்தரிப்பது, வெளுப்பது, சிக்கெடுப்பது, சாயம் போடுவது, நூற்பது, பாவு போடுவது, நெய்வது, முடிச்சுப் போடுவது, முடிச்சை அவிழ்ப்பது, இரண்டு தையல் போடுவது, தைப்பதற்காகக் கிழிப்பது என்று போகும். ஒரு தையல் இல்லை, இரண்டு! யாரோ மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதினது போல இருந்தது எனக்கு. 39-இல் 24 சோற்றுக்கும் துணிக்குமே போய்விட்டது. எழுதுவது, கட்டுவது, வேட்டையாடுவது எல்லாம் மிச்சத்துக்குள் அடக்கம்.

ஆனால் சனிக்கிழமைக்கும் பண்டிகைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வேதாகமத்தின் யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில், பண்டிகை நாளில் வேலை செய்யாதே, சாப்பிடுவதற்கு வேண்டியதை மட்டும் செய்துகொள் என்று வருகிறது. அதனால் ரோஷ் ஹஷானா போன்ற நாள்களில் சமைக்கலாம். புதிதாகத் தீ மூட்டக் கூடாது, முன்பே எரிகிற நெருப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மாவுஷி வீட்டில் பண்டிகைக்கு முன் ஏற்றிய கண்ணாடி எண்ணெய் விளக்கு ஒன்று இதற்கென்றே எரியும். எல்லா வீட்டிலும் இவ்வளவு கண்டிப்பு இல்லை, அடுத்த கட்டிடத்தில் அவர் தங்கை லைட்டரை அமுக்கிக்கொண்டே சிரிப்பார். தைப்பதற்கு மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது. ஆகவே அந்த வீட்டில் வேலையின் வரிசை தானாக அமைந்துவிடுகிறது. ஊசி வேலை எல்லாம் முதலில் முடிந்து, இஸ்திரி போட்டு அலமாரிக்குள் போய்விட வேண்டும். கடைசி இரண்டு மூன்று நாள் முழுக்க அடுப்புக்கு. அடுப்பு வேலை கொஞ்சம் பிந்தினாலும் வழி இருக்கிறது, தையல் பிந்தினால் அடுத்த வருஷம்தான். அவர் ஏன் ஆகஸ்டிலேயே என்னைப் பிடுங்கி எடுக்கிறார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, அல்வா.

ரோஷ் ஹஷானாவுக்குப் பெனே இஸ்ரேல் வீடுகளில் கோதுமைப்பால் அல்வா கட்டாயம். கோதுமையை ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வைத்து, தோல் நெகிழ்ந்ததும் அரைத்துப் பிழிந்து, பாலைத் துணியில் வடிகட்டி ராத்திரி முழுக்க அசைக்காமல் வைப்பார். காலையில் மேலே தெளிந்த நீரை மெதுவாக இறுத்தால், அடியில் கெட்டியான வெள்ளைப் படிவு இருக்கும். இதுவரை நம்மூர் முறைதான், என் ஆச்சி செய்தது அப்படியே. இதற்கப்புறம் வழி பிரிகிறது. நம்மிடம் அடுத்த ஆள் நெய். மாவுஷி வீட்டில் நெய் டப்பா அந்த அடுப்பு இருக்கும் பக்கம்கூட வராது. தேங்காய்ப்பால்தான்.

காரணம் அல்வாவில் இல்லை, பக்கத்துச் சட்டியில் இருக்கிறது. பண்டிகைச் சாப்பாட்டில் ஆட்டுக்கறி உண்டு. ஆட்டுக்குட்டியைத் தாயின் பாலில் சமைக்காதே என்ற, யூத வேதமான தோராவின் கட்டளையிலிருந்து, கறியும் பால் பொருளும் ஒரே பந்தியில் சேரக்கூடாது என்று யூதச் சமையலின் பெரிய சட்டம் வந்தது. பால், தயிர், வெண்ணெய், நெய் எல்லாம் அதில் அடக்கம். கறி தின்றுவிட்டு நெய் அல்வா தின்ன முடியாது. ஐரோப்பாவில் இந்தச் சட்டத்தோடு பெரும்பாடு பட்டிருப்பார்கள். கொங்கணில் தென்னை வாசலிலேயே நின்றது. குழம்புக்கும் தேங்காய்ப்பால், அல்வாவுக்கும் தேங்காய்ப்பால், பழைய காலத்தில் புதுத் தானியத்தில் செய்த கீருக்கும் தேங்காய்ப்பால். அவர்கள் சமையலை வடிவமைத்ததில் பாதிப் பங்கு தென்னைக்கு என்பது என் கட்சி.

கோதுமைப் படிவு, தேங்காய்ப்பால், சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு எல்லாவற்றையும் ஆறின நிலையிலேயே கலந்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். முதலில் ரொம்ப நேரம் ஒன்றும் நடக்காது. கிண்டுகிறவள் கொஞ்சம் அசந்த நேரமாகப் பார்த்து அடியில் திரளும். அப்போது கையை நிறுத்தினால் கட்டிதான். அங்கிருந்து ஆள் மாற்றி ஆள் கிண்ட வேண்டும், மருமகள், பேரன், தண்ணீர் குடிக்க வந்த நான். நிறம் கொஞ்சம் இளஞ்சிவப்பாக ஏதோ சேர்ப்பார். பதம் பார்க்க அவருக்குக் கடிகாரம் தேவையில்லை. தேங்காய் தன் எண்ணெயைத் தானே விட ஆரம்பிக்கும், ஓரம் சட்டியை விட்டுப் பிரியும், கரண்டியோடு மொத்தமும் சேர்ந்து நகரும். உடனே தட்டில் கொட்டி, ஏலக்காயும் சீவின பிஸ்தா பாதாமும் தூவி, கையால் லேசாக அழுத்தி ஆறவிடுவார். ஆறினபின் சாய்சதுரமாக வெட்டினால் ஓரம் நறுக்கென்று நிற்கும். நம்ம அல்வா போலத் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகாது. கடிக்க வேண்டும், மெல்ல வேண்டும். நெய் இல்லாத ஒன்றை அல்வா என்று ஒத்துக்கொள்ளத் திருநெல்வேலிக்காரிக்குச் சில வருஷம் பிடித்தது. இப்போது கேட்டால், செய்த அன்றைக்கு நம்முடையது, மறுநாளைக்கு அவர்களுடையது என்பேன்.

புத்தாண்டுச் சாப்பாட்டு மேஜையில் அல்வாவுக்கு முன்னால் ஒரு வரிசை உண்டு. தேன் தொட்ட ஆப்பிள், பேரீச்சை, மாதுளை, பூசணி அல்லது சுரைக்காய், பீட்ரூட், வெங்காயத்தாள், தட்டைப்பயறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேண்டுதல். கடைசியில் ஒரு தலை, மீனுடையதோ ஆட்டுடையதோ. வாலாக இல்லாமல் தலையாக இருக்கும்படி செய் என்று அதற்கு வேண்டுதல். மீன் என்றால் துடுப்பும் செதிலும் உள்ளது மட்டும். இறாலும் நண்டும் கிடையாது, கொங்கண் கரையில் இருந்துகொண்டு! கறியை அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு, பிறகு ஒரு மணி நேரம் உப்பில் வைத்து, ரத்தம் முழுக்கப் போகும்படி கழுவித்தான் சட்டிக்கு. திராட்சை ரசத்துக்குப் பதில், கறுப்பு உலர்திராட்சையை ஊறவைத்து அரைத்து வடிகட்டின சர்பத். இது வெள்ளிக்கிழமைதோறும் உண்டு.

மேஜையில் ரொட்டி மட்டும் மூடியே இருக்கும். அந்த மூடுதுணிதான் எனக்கு மாவுஷியின் ஆர்டர்களிலேயே பிடித்தது. திராட்சைக் கோப்பைக்கு முதலில் ஆசி சொல்கிறார்கள், ரொட்டிக்கு அப்புறம். தன்னை விட்டு இன்னொன்றை முதலில் கவனிப்பதைப் பார்த்து ரொட்டிக்கு வெட்கமாகிவிடக் கூடாதாம், அதனால் மூடி வைக்கிறார்கள். இதற்குச் சாஸ்திர காரணம் வேறும் சொல்வார்கள், எனக்கு இது போதும்.

அந்தத் துணியில் நடுவில் ஹீப்ரு எழுத்தில் ஷபாத், அதாவது ஓய்வுநாள், என்று பூவேலை. எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. மாவுஷி காகிதத்தில் பெரிதாக எழுதிக் கொடுப்பார், கார்பன் வைத்துத் துணியில் ஏற்றுவேன். மூன்றே எழுத்து, வலமிருந்து இடம். நடுவில் வருவது பேத். அதற்கு அண்ணன் தம்பி மாதிரி காஃப் என்று இன்னொரு எழுத்து. பேத்தின் கீழ்க்கோடு வலப்பக்கம் மூலையைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீண்டிருக்கும், காஃபில் அந்த மூலை உருண்டு போகும். சங்கிலித் தையலில் மூலை திருப்பும்போது ஊசியைக் கீழே இறக்கி அந்தச் சங்கிலியை அங்கேயே பூட்டிவிட்டு, புதிதாகத் தொடங்க வேண்டும். பூட்டாமல் வளைத்துக்கொண்டு போனால் மூலை உருண்டு வார்த்தையே மாறிவிடும். தமிழில் துணைக்காலும் ‘ர’வும் படும் பாடு தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

இன்னொரு தையல் சட்டம். கம்பளியும் லினனும் ஒரே உடுப்பில் சேரக்கூடாது. லேவியராகமத்திலும் உபாகமத்திலும் வருகிறது, காரணம் சொல்லப்படவில்லை. தனித்தனியாக இரண்டையும் போடலாம். மகனின் தொழுகைச் சால்வை கம்பளி. அதன் மூலை நைந்து ஒட்டுப்போட வந்தபோது மாவுஷி என் துணிப்பெட்டியைத் தானே கிண்டி, காட்டன் துண்டாகப் பொறுக்கி எடுத்தார். லினன் கலந்ததை ஓரமாகத் தள்ளிவைத்தார். மற்றபடி தாணே வெயிலில் கம்பளிக்கு எங்கே போவது, இந்தச் சட்டம் இங்கே அதிகம் தொந்தரவு கொடுப்பதில்லை. கல்யாணக் கோட்டு தைக்கும்போது மட்டும் உள்ளே வைக்கும் கேன்வாஸ் என்ன ரகம் என்று கேட்டுக்கொள்வார்கள்.

போன வருஷம், 2025-இல், வேடிக்கையான ஒரு பொருத்தம் நடந்தது. செப்டம்பர் 22 காலை எங்களுக்கு நவராத்திரி ஆரம்பம். அன்று மாலை சூரியன் சாய்ந்ததும் அவர்களுக்கு ரோஷ் ஹஷானா. இரண்டு பஞ்சாங்கமும் நிலவை வைத்து மாதம் எண்ணி, அவ்வப்போது ஒரு மாதத்தைக் கூட்டிச் சூரியனோடு ஒத்துப்போகிற ரகம். இரண்டு பண்டிகையும் அமாவாசை கழிந்ததும் பிறக்கிறவை. அதனால் இப்படிச் சேர்ந்து வருவது அபூர்வமும் இல்லை, எல்லா வருஷமும் இல்லை. சேர்ந்து வந்தால் யோம் கிப்பூர் எங்கே போய் விழும் என்று பாருங்கள். அக்டோபர் 1 ஆயுத பூஜை, அன்று மாலையே அவர்களுடைய உபவாசம் தொடக்கம்.

ஆயுத பூஜையன்று என் மெஷின் ஓடாது. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கத்தரிக்கோலையும் இஞ்ச் டேப்பையும் பக்கத்தில் அடுக்கி, பொரி கடலை படைத்துவிட்டால் விஜயதசமி காலைதான் மறுபடி மிதிப்பது. ஆக, குர்தாக்களை செப்டம்பர் 30-க்குள் கொடுத்தாக வேண்டும். வெளியே கர்பா கூட்டம் சோளி கேட்டு வாசலில் நிற்கிறது. வெள்ளைக்கு முதலிடம் கொடுத்தேன், சோளிக்காரிகள் இரண்டு பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். குர்தாவை வாங்க வந்த மாவுஷி, பூஜைக்குத் துடைத்து வைத்திருந்த மெஷினைப் பார்த்துவிட்டு, “உன் மெஷினுக்கும் நாளைக்கு யோம் கிப்பூர்தான்” என்றார்.

அக்டோபர் 1 அன்று மாவுஷியின் சமையலறையில் பூரி வேலை நடந்துகொண்டிருந்தது. பூரி என்றால் நாம் உருளைக்கிழங்கோடு தின்னும் பூரி இல்லை, நம்மூர்ச் சோமாசி. வறுத்த ரவை, சர்க்கரை, தேங்காய், ஏலக்காய், சாரப்பருப்பு உள்ளே. மறுநாள் இரவு உபவாசம் முடிந்ததும் அந்த வீட்டில் முதலில் சர்பத், அடுத்து இந்தப் பூரி. ஓரத்தை வெட்ட உருளை கத்தி வைத்திருந்தும் மாவுஷி அதைத் தொடுவதில்லை. அரைவட்டமாக மடித்து, ஒரு முனையில் கட்டைவிரலால் மாவை இழுத்து, மேலே மடித்து, அழுத்தி, அந்த மடிப்பிலிருந்தே அடுத்ததை இழுத்து மறுமுனை வரை போவார். நல்ல கைத்தையல்காரி புடவை ஓரம் அடிக்கிற மாதிரி எல்லா மடிப்பும் ஒரே அகலம். எண்ணெயில் ஒன்றும் வாய் திறக்கவில்லை. அவர் சட்டத்தின்படி இதையெல்லாம் மாலைக்குள் முடித்து டப்பாவில் போட வேண்டும். யோம் கிப்பூருக்குப் பண்டிகைச் சலுகை கிடையாது, அன்று அடுப்புக்கும் ஓய்வு.

பழைய காலத்தில் பெனே இஸ்ரேல் மக்கள் இந்த நாளைக் கதவடைக்கும் பண்டிகை என்றே சொல்லிவந்தார்கள். வெள்ளை உடுத்தி, கதவை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருப்பார்கள். மறுநாள் ஏழைகளுக்குக் கொடுப்பதும் உறவுக்காரர்களைப் பார்ப்பதும். மும்பையில் அவர்களுடைய முதல் தொழுகைக்கூடம் 1796-இல்தான் வந்தது, சாமுவேல் திவேகர் என்ற ராணுவ அதிகாரி கட்டியது. அதற்கு முன் கொங்கண் கிராமங்களில் தொழுகைக்கூடம் கிடையாது, ரப்பி என்ற மதகுரு கிடையாது. இருந்தவை சனிக்கிழமை ஓய்வு, விருத்தசேதனம், ‘கேள், இஸ்ரவேலே’ என்ற ஒரு பிரார்த்தனை, எதைத் தின்னலாம் எதைத் தின்னக்கூடாது என்ற கணக்கு, இந்தப் பண்டிகைகள். அத்தனை நூற்றாண்டு மதத்தைச் சுமந்தது யார் என்று கேட்டால், கீர் காய்ச்சியவர்களும் வெள்ளைத் துணியை வெளுத்து மடித்து வைத்தவர்களும்தான். இதை மாவுஷியிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார், “ஆண்டவன் சுமந்தான்” என்பார்.

யோம் கிப்பூர் போய் ஐந்தாம் நாள் சுக்கோத், பந்தல் பண்டிகை. தொழுகைக்கூட வளாகத்தில் பொதுப் பந்தல் போடுவார்கள். கூரை மண்ணில் முளைத்து வெட்டப்பட்டதாக இருக்க வேண்டும், எனவே கீற்று. சுவர் எதுவாகவும் இருக்கலாம், துணியும் செல்லும், ஆனால் சாதாரணக் காற்றுக்குப் படபடத்து அசையக்கூடாது. அதனால் ஒரு வருஷம் தடித்த கேன்வாஸில் நாலு பக்கமும் காது வைத்து, கீழ் ஓரத்தில் கம்பி நுழைகிற அகலத்துக்குச் சுருக்குப்பை மாதிரி ஹெம் அடித்துக் கொடுத்தேன். அழகுக்கு உள்பக்கம் பழைய சேலைகளைக் கட்டிக்கொண்டார்கள். சனியா சோளியில் மிஞ்சிய ஜரிகைப் பட்டி முழுக்க அங்கே போய்ச் சேர்ந்தது.

வசந்தத்தில் வரும் பெஸாக், அதாவது பஸ்கா பண்டிகைக்கு எனக்கு வேலை கம்மி. புளிக்காத ரொட்டி மூன்றை வைக்க மூன்று அறை கொண்ட ஒரு துணி உறை, அவ்வளவுதான். வீட்டைத் துடைப்பதும் பாத்திரத்தை மாற்றுவதும்தான் அப்போது பெரிய வேலை, அதை மாவுஷி யாரிடமும் கொடுப்பதில்லை.

இந்த வருஷக் கணக்கு வேறு மாதிரி. அதிகமாதம் வந்துவிட்டதால் நவராத்திரி அக்டோபர் 11-க்குத் தள்ளிப்போகிறது. ரோஷ் ஹஷானாவோ செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை மாலை. கர்பா ஆர்டரோடு மோதாது, நிம்மதி என்று நினைத்தேன். மாவுஷி காலண்டரைத் திருப்பிக் காட்டினார். பண்டிகையின் முதல் நாள் சனிக்கிழமை. சனிக்கிழமைச் சட்டம் சேர்ந்துகொள்வதால் பண்டிகை நாளுக்கான சமையல் சலுகை அன்றைக்கு இல்லை. அல்வா, கறி, பயறு, சர்பத் எல்லாம் வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்குள் இறங்கியாக வேண்டும். போதாக்குறைக்குத் திங்கள்கிழமை கணபதி, அந்த வாரம் மார்க்கெட்டில் தேங்காய் என்ன விலை விற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைத் துணியை ஜூலைக் கடைசியிலேயே கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.